சதாசிவம், மகாதேவன் (1915–1977)

கொழும்பு இரசிகர்கள் 'சதா' என்று அழைத்த துடுப்பாட்டக்காரர். வெஸ்லி கல்லூரியில் பயின்று, தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடினார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கினார், அரிய பெருமை. 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தார். பந்து தன்னைக் கடக்கும் தறுவாயில் மட்டையை மெல்லத் தட்டி, ஸ்லிப் பக்கம் நழுவவிடும் 'லேட் கட்' அவர் கைவண்ணம்.

1951இல் மனைவி கொலையான வழக்கில் கைதாகி, 1953இல் விடுதலையானார். அவ்வழக்கின் நிழல் கடைசிவரை அவரைத் தொடர்ந்தது. ஆனாலும் இரசிகர்களுக்கு அவர் அந்த 215தான்.

1977 ஜூலை 9 அன்று காலமானார். இலங்கையின் முதல் டெஸ்ட், 1982 பெப்ரவரியில், தமிழ் யூனியனின் சரவணமுத்து மைதானத்திலேயே நடந்தது.