கஃபாலா முறை

வெளிநாட்டுத் தொழிலாளியின் வரவு, தங்கல், வேலை மாற்றம், ஊர் திரும்பல் எல்லாவற்றையும் அவரை வேலைக்கு அழைத்த முதலாளியின் பொறுப்பில் விடும் விசா முறை கஃபாலா. வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளிலும், ஜோர்தான், லெபனானிலும் இது வெவ்வேறு வடிவில் வேரூன்றியது. பொறுப்பேற்கும் முதலாளி கஃபீல். நம்மவர் பேச்சில் கபில்.

இஸ்லாமியச் சட்டத்தில் கஃபாலா என்பது ஒருவருக்காக இன்னொருவர் நிற்கும் ஜாமீன். அதனால் இம்முறையைப் பாலைவன மரபின் தொடர்ச்சியாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். ஆளை முதலாளியோடு கட்டிப்போடும் வழக்கம் முத்துக்குளிப்புக் காலத்திலேயே இருந்தது: படகுத் தலைவரான நகுதாவிடம் முன்பணம் வாங்கிய குளியாளி, கடன் தீராமல் வேறு படகேற முடியாது. ஆனால், வெளியூராருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பு என்பதை நிர்வாக விதியாக்கியதில், 1920-களில் பஹ்ரைனில் ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். போலீஸ் படை சிறிது, வந்திறங்குவோர் பலர். கண்காணிக்கும் வேலையை முதலாளியிடம் தள்ளிவிடுவது அரசுக்கு மலிவாக முடிந்தது. குவைத் 1959-இல் வெளிநாட்டார் குடியிருப்புச் சட்டம் இயற்றியது. 1973-இல் எண்ணெய் விலை ஏறி, கட்டடங்களும் சாலைகளும் எழும்பத் தொடங்கியபோது, ஆள் சேர்க்க இந்த ஏற்பாடு ஆயத்தமாக இருந்தது.

நடைமுறையில் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது. இறங்கியதும் பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்விடும். சவூதியில் தொழிலாளியின் கையில் இருப்பது இக்காமா எனும் குடியிருப்பு அட்டை; அதைப் புதுப்பிக்க வேண்டியவர் கபில். அவர் புதுப்பிக்காவிட்டாலும், தெருவில் சோதனையில் மாட்டுவது தொழிலாளி. பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சவூதி அமைச்சரவை 2000-லேயே முடிவெடுத்தும் வழக்கம் ஒழியவில்லை. கபிலிடமிருந்து வெளியேறியவர்மீது ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவர் என்று புகார் பதிவானால் அவர் சட்டவிரோதி. சம்பளம் தராததால்தான் வெளியேறினேன் என்பதை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் அவர் தலையிலேயே விழும்.

இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு கள்ளச் சந்தையும் முளைத்தது. ‘ஃப்ரீ விசா’ என்று ஏஜெண்டு விற்பதில் இலவசம் எதுவும் இல்லை. பெயருக்கு ஒரு கபில். அவருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிவிட்டு வேறிடத்தில் வேலை பார்க்கலாம். பிடிபடும் வரை பிரச்சினை இல்லை. 2013-இல் சவூதி இதில் கைவைத்தபோது, ஆவணங்களைச் சரிசெய்ய அல்லது அபராதமின்றி நாடு திரும்ப நவம்பர் தொடக்கம்வரை அவகாசம் தரப்பட்டது. இந்தியர்களும் பெரும் எண்ணிக்கையில் திரும்பினார்கள். அனுப்பும் பக்கத்தில் இந்தியா 1983-இல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ குறி இருக்கும். வளைகுடாவில் வேலைக்குப் போக அவருக்குத் தனி அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பி அதையும் தாண்டுவது ஏஜெண்டுகளின் பழைய தந்திரம்.

சீர்திருத்தங்களை உந்தியதில் உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தனி இடம் உண்டு. போட்டியை நடத்தும் வாய்ப்பு 2010-இல் கிடைத்தபின் கத்தார்மீது உலகின் பார்வை விழுந்தது. 2018-இல் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதி தேவையில்லை என்றானது. 2020-இல் வேலை மாற முதலாளியின் ஒப்புதல் கேட்கும் விதி நீங்கியது. 2021 மார்ச் முதல் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. அதே மாதம் சவூதியும், ஒப்பந்தத்தில் ஓராண்டு முடித்தவர் கபிலின் சம்மதமின்றி வேலை மாறவும், அப்ஷர் செயலியில் தாமே பயண அனுமதி பெறவும் வழிவிட்டது. வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், காவலாளி, தோட்டக்காரர், மேய்ப்பர் ஆகியோர் மட்டும் இதில் சேரவில்லை. முதலாளியின் வீட்டுக்குள்ளும், ஆள் அரவமற்ற பாலைப் பண்ணைகளிலும் வேலை பார்ப்பவர்கள் இவர்களே.