நோயாளியின் அருகில் இருக்கும் தண்ணீர்: குடும்பத்தார் கவனத்திற்கு

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம் எனப் பல ஊர்களிலிருந்தும் நம் மக்கள் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருகிறார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, மயிலாப்பூர், தி.நகர் பகுதிகளின் தனியார் மருத்துவமனைகள் என எங்கு சேர்த்தாலும் வீட்டார் ஒருவர் துணைக்கு இருப்பார். அவர் அதிகம் யோசிக்காத ஒன்று தண்ணீர்.

நல்ல உடல்நிலையில் இருப்பவரை ஒன்றும் செய்யாத தண்ணீர், கீமோதெரபி பெறுபவருக்கும், ஐசியுவில் இருப்பவருக்கும், குறைமாதக் குழந்தைக்கும் ஆபத்தாகலாம். 2012 ஜனவரியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மகப்பேறு மருத்துவமனையில் சூடோமோனாஸ் கிருமி தொற்றி மூன்று பச்சிளங் குழந்தைகள் இறந்தன. கிருமி இருந்த இடம் கைகழுவும் குழாய்கள். குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வளர்வது இதன் இயல்பு.

லீஜியோனெல்லா இன்னொரு கிருமி. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நிமோனியாவாகப் பரவியபோதுதான் உலகம் இதை அறிந்தது. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, ஷவர் போன்றவற்றின் நுண்துளிகள் வழியாக நுரையீரலை அடைகிறது.

குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் தண்ணீர் தேங்கத் தேங்க அது குறையும். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் தானாகவே சூடாகிவிடும். எனவே தொட்டியைச் சுத்தம் செய்வதும் நீரைப் பரிசோதிப்பதும் மருத்துவமனையின் கடமை. நம் பங்கு இவை:

1. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடிக்கக் கொடுங்கள். நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூடி வைத்து, அன்றன்றே பயன்படுத்துங்கள்.
2. நெபுலைசரையும் ஆக்ஸிஜன் பாட்டிலையும் குழாய் நீரால் நிரப்ப வேண்டாம். நர்ஸ் தரும் ஸ்டெரைல் வாட்டர் மட்டுமே அதற்கு உரியது.
3. வார்டின் கைகழுவும் தொட்டியில் மீந்த டீ, பால், கஞ்சியைக் கொட்டாதீர்கள். அது கிருமிக்கு உணவாகும்.
4. ஊசிக்குழாய் செருகிய இடத்தையும் ஆறாத புண்ணையும் நனைய விடாதீர்கள்.
5. நோயாளியைத் தொடுமுன் கையில் சானிடைசர் தடவிக்கொள்ளுங்கள்.

ஜம்ஜம் நீரும் துஆ ஓதிய தண்ணீரும் கொண்டு வருவது நம் வழக்கம். ஜம்ஜமின் பரக்கத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பல நாள் திறந்து மூடிய பாட்டிலிலும் பலர் கை பட்ட குவளையிலும் கிருமி சேரும். நினைவில்லாதவர் வாயில் சில சொட்டு ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து துஆச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

ஒளுவில் வாய் கொப்பளித்து, மூக்குக்கும் நீர் செலுத்துகிறோம். அது இந்த நோயாளிக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீர் தீங்கு தரும் நிலையில் தயம்மும் எனும் சலுகை உண்டு. திருக்குர்ஆன் 5:6 வசனம் நோயாளியைக் குறிப்பிட்டே அதைச் சொல்கிறது. மண்ணிலும் பூஞ்சைக் கிருமிகள் இருப்பதால், படுக்கையருகே மண் தட்டு வைக்குமுன் டாக்டரிடமும், தயம்மும் செய்யும் முறையை ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.