போத்தலிற் கிடக்கும் பெயர்

சென்ற மாரியில் என் மாணவன் ஒருவன் தீப்பெட்டிக்குள் ஒரு மரவட்டையைக் கொண்டுவந்து, "இதன் பெயர் என்ன, சேர்?" என்று வினவினான். மரவட்டை என்றேன். "அது எல்லா மரவட்டைக்கும் உரிய பெயரல்லவா?" என்றான். தமிழ் கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. தேடப் புகுந்தபோது, அவ்விடை நம் தோட்டத்து மண்ணிலன்றி ஐரோப்பிய நூதனசாலைகளின் போத்தல்களிலே கிடக்கக் கண்டேன்.

விலங்கியலிற் பெயர் என்பது வெறும் அகராதிச் சொல் அன்று. ஓர் இனத்துக்கு முதன்முதற் பெயரிட்டவர் எந்த உடலைக் கொண்டு பெயரிட்டாரோ, அவ்வுடலே அப்பெயருக்குச் சான்று. அதனை மூலமாதிரி எனலாம். விவரணம் பிழைபடலாம், படம் பொய்க்கலாம். ஐயம் எழும்போது மதுசாரத்தில் ஊறிக்கிடக்கும் அவ்வுடலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தே தீர்ப்புக் கூறவேண்டும். மரவட்டையைப் பொறுத்தவரை இது வெறும் சம்பிரதாயமன்று. புறத்தோற்றத்திற் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலானவற்றில் ஆணின் ஏழாவது வளையத்துக் கால்கள் புணர்ச்சி உறுப்புகளாக மாறியிருக்கும். அவற்றின் வடிவமே இனத்துக்கு இனம் திட்டமாக வேறுபடுவது. எனவே, மூலமாதிரி பெண்ணாகவோ முதிராத உயிராகவோ அமைந்துவிட்டால், அப்பெயர் எவ்வினத்துக்கு உரியதென நூறாண்டு கழிந்தும் துணிய இயலாது போவதுண்டு.

இலங்கையின் மரவட்டை, பூரான் முதலிய பல்காலிகளைப் பற்றிய தனி ஆய்வொன்று 1865 இல் ஜெனீவாவில், பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. எழுதியவர் இத்தீவுக்கு வந்து சென்ற சுவிஸ் நாட்டவரான அலோயிஸ் ஹம்பேர்ட். 1892 இல் பிரித்தானிய நூதனசாலையின் போகொக் இரண்டு திரட்டுக்களை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அறிக்கை வெளியிட்டார். ஒன்று இலங்கையிலிருந்து ஈ. ஈ. கிரீன் அனுப்பியது, மற்றது தென்னிந்தியாவிலிருந்து சென்னை நூதனசாலையின் எட்கார் தேர்ஸ்டன் அனுப்பியது. மனிதரின் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909 இல் தென்னிந்தியச் சாதிகளை ஏழு தொகுதிகளில் வரிசைப்படுத்திய அதே தேர்ஸ்டன்தான்!

கொழும்பில் 1877 தொடக்கம் நூதனசாலை இருந்தது. சென்னையில் அதற்கும் முன்னரே இருந்தது. ஆயினும் பெயரிடும் அதிகாரம் இலண்டனிலேயே இருந்தது. இதனைக் களவு என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. ஒப்புநோக்க வேண்டுமாயின் பல நாட்டு உடல்களும் ஓரிடத்திற் சேர்ந்திருத்தல் வேண்டும். பேரரசொன்றின் கப்பல்களே அன்று அவற்றைச் சேர்த்தன. விளைவு யாதெனில், நம் காட்டில் ஊரும் ஓர் உயிர் புதியதா பழையதா என்று தீர்மானிக்க, இங்குள்ள ஆய்வாளர் ஜெனீவாவின் அல்லது இலண்டனின் அலுமாரியை நாடவேண்டியுள்ளது.

அப்போத்தல்களின் சீட்டுக்களில் பொதுவாக இடமும் சேகரித்தவரும் பெயரிட்டவரும் குறிக்கப்பெறுவர். துரை தாமே குனிந்து கல்லைப் புரட்டினாரா, கொழுந்து கொய்த ஒருத்தி கண்டெடுத்துக் கொடுத்தாளா என்பதற்கு அச்சீட்டில் இடமில்லை.

மாணவனிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, ஏழாவது வளையத்தைப் பார்க்கச் சொன்னேன். கால்கள் குறைவின்றி இருந்தன. பெண். அதனை வேலியோரத்துச் சருகில் விட்டுவிட்டு, ஆண் ஒன்றைத் தேடப் போனான்.