பெயர் தந்த படம்

மன்னன் பெயரும் தளபதி புகழும் பாடுவதே வரலாறு என்று படித்துவிட்டோம். மாண்ட போர்வீரனின் பெயரைக் கேட்டோமா? இல்லை!

1863 ஜூலை. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து நின்ற தென் மாநிலங்களை அமெரிக்க ஒன்றியப் படை எதிர்த்த கெட்டிஸ்பர்க் போர் முடிந்தது. வீரனொருவன் பிணமாகக் கிடந்தான். பெயர் தெரியவில்லை, அடையாளமும் இல்லை. கையிலே கண்ணாடித் தகட்டில் பதித்த படம். அதிலே மூன்று குழந்தைகள்!

படத்தை அச்சிட அன்றைய செய்தித்தாளால் இயலாது. ஆகவே எழுத்தால் தீட்டினர்: மூத்தவனின் சட்டையும் சிறுமியின் கவுனும் ஒரே துணி!

நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரில், போர்முனைக்கு அத்தகைய படம் அனுப்பிய மனைவி ஒருத்தி திடுக்கிட்டாள். நவம்பரில் படத்தின் நகல் வந்தது. தன் மக்களைக் கண்டாள். தான் கைம்பெண்ணானதையும் அறிந்தாள். மாண்டவன் ஆமோஸ் ஹியூமிஸ்டன், 154ஆம் நியூயார்க் காலாட்படைச் சார்ஜண்ட்.

படத்தின் நகல்கள் விற்ற பணமும் சேர்ந்து, 1866இல் அந்நகரிலேயே வீரர்தம் தந்தையற்ற குழந்தைகளுக்கு இல்லம் எழுந்தது.

அவன் பெயரை மீட்டது ஆண்டவன் அருளன்று, ஆரூடமுமன்று. அறிவியல் தந்த படமும் அச்சுமே! எனினும் அவன் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் 900-க்கும் மேற்பட்டோர் இன்றும் பெயரற்றே கிடக்கின்றனர். அவர்களுக்கும் வீடு இருந்தது. வழி பார்த்த விழிகள் இருந்தன. அவர்களையும் எண்ணி எழுதுவோம். அதுவே மக்கள் வரலாறு!