ஸ்கூபா டைவிங்: மைசூருவில் இருந்து முதன்முறை செல்வோர் அறிய வேண்டியவை

மைசூரு: ஸ்கூபா டைவிங்கில் முதன்முறை ஈடுபட விரும்பும் மைசூருவாசிகளுக்கு, கர்நாடகத்திலேயே உள்ள முக்கிய இடம் நேத்ராணி தீவு. உத்தர கன்னட மாவட்டம் முருதேஷ்வர் கடற்கரையில் இருந்து சுமார் 19 கி.மீ. தொலைவில் இத்தீவு அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீற்றம் காரணமாக இங்கு டைவிங் நடைபெறுவதில்லை.

சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்றுநருடன் அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். 'ஓப்பன் வாட்டர்' என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு வரம்பு 18 மீட்டர். இதற்கான பயிற்சிக்குச் சில நாள்கள் தேவை என்பதால், நீண்ட விடுமுறை உள்ளவர்கள் அந்தமானின் ஸ்வராஜ் தீவையும் (ஹேவ்லாக்) பரிசீலிக்கலாம்.

ஊர் திரும்பும் நேரமும் முக்கியம். ஆழத்தில் உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்கு உடனே சென்றால் குமிழ்களாக மாறி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை ஏற்படுத்தக்கூடும். ஒருமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர்கள் 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது 'டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க்' அமைப்பின் அறிவுறுத்தல். சுமார் 610 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்கும் இது பொருந்தும்.

மைசூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, டைவிங் முடிந்த அன்றே காரில் மலைப்பாதை ஏறாமல், கடற்கரையில் ஓர் இரவு தங்கிப் புறப்படுவதே பாதுகாப்பானது.