ஒரே மைதானம், இரண்டு சீருடை

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு பெற்றோரிடம், பிள்ளையை என்.சி.சி.யில் சேர்க்கிறீர்களா, சாரணர் படையில் சேர்க்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "என்.சி.சி.ன்னா சர்ட்டிபிகேட் உண்டு, போலீஸ் செலக்‌ஷன்ல மார்க் உண்டு" என்று பதில் உடனே வரும். சாரணர்? "ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு நிப்பாங்களே, அதுதானே?"

இந்த இரண்டாவது பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் பேச வேண்டும்.

இரண்டு இயக்கங்களுக்கும் பின்னால் ஒரே மனிதர் நிற்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஹிருதயநாத் குன்ஸ்ரு. 1946இல் அமைந்த அவருடைய குழுவின் பரிந்துரைப்படிதான் 1948இல் தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி., பிறந்தது. அதே குன்ஸ்ரு, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியாவோடும் ஸ்ரீராம் பாஜ்பாயோடும் சேர்ந்து சேவா சமிதி சாரணர் இயக்கத்தை வளர்த்தவர். 1950 நவம்பர் 7 அன்று சாரணர் சங்கங்கள் பாரத சாரணர் இயக்கமாக இணைந்தபின் அதன் முதல் தேசிய ஆணையராகவும் இருந்தார். ஒன்று போதும் என்று அவர் நினைத்திருந்தால் மற்றொன்றுக்கு உழைத்திருக்க மாட்டார்.

என்.சி.சி.யின் பலம் அதன் முதுகெலும்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பதால் பயிற்சி தரப் படையினரே வருகிறார்கள். அணிவகுப்பு, பாயின்ட் 22 துப்பாக்கி, வரைபடம் படித்தல், ஆண்டு முகாம், பரேடு முடிந்ததும் டிபன் என்று எல்லாம் அட்டவணைப்படி நடக்கும். ஆசிரியர் சோம்பினால் பட்டாலியனிலிருந்து கேள்வி வரும். 'சாவ்தான்' என்றால் ஐம்பது பிள்ளைகளின் குதிகால்களும் ஒரே சத்தத்தில் சேரும். (இந்த இந்திக் கட்டளைச் சொற்கள் வேண்டாம் என்று 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டது. சாரணரின் தேர்ச்சிப் படிகளான பிரவேஷும் சோபானும்கூட வடக்கத்திப் பெயர்கள்தாம். அதற்கு அவ்வளவு சண்டை நடக்கவில்லை.)

சாரணர் படைக்கு இப்படி முதுகெலும்பு கிடையாது. விருப்பமுள்ள ஒரு ஆசிரியர் சாரண ஆசிரியராகிறார். அவர் மாற்றலாகிப் போனால் படையும் போய்விடுகிறது. பல பள்ளிகளில் அது பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இதை மறைத்துவிட்டுச் சாரணியத்தைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒழுங்காக நடக்கும் ஒரு படையைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு புரியும். அங்கே ஆறிலிருந்து எட்டுப் பேர் ஒரு அணி. தலைவன் அவர்களில் ஒருவன், பதின்மூன்று வயதோ பதினான்கு வயதோ. கூடாரம் எங்கே போடுவது, விறகுக்கு யார் போவது, சோறு குழைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அவர்களுக்குள் முடிவாகும். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களை வைத்து நடத்திய முதல் முகாமிலிருந்தே இந்த அணி முறைதான் சாரணியத்தின் உயிர். என்.சி.சி. மேலிருந்து வரும் கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றக் கற்றுத் தருகிறது. கட்டளையிட ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதைச் சாரணியம் கற்றுத் தருகிறது.

நம் பகுதிக்கு இரண்டாவது பாடம்தான் அதிகம் தேவை. ஒரு பக்கம் சிப்காட் ஆலைகள், நடுவே கனரக லாரிகள் ஓடும் ஜி.என்.டி. சாலையும் ரயில் பாதையும், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. 2011 டிசம்பர் 25 அன்று அந்த ஏரி முகத்துவாரத்தருகே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு ரயில் நின்றிருந்த சரக்கு ரயில்மீது மோதியபோது, இருட்டில் முதலில் ஓடியவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த முதல் அரைமணி நேரத்தில் கயிறு முடியவும், கட்டுப் போடவும், மூச்சு நின்றவரைக் கையாளவும் தெரிந்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தால் என்ன என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. என்.சி.சி.யும் முதலுதவி சொல்லித் தருகிறது, உண்மை. ஆனால் அது பெரும்பாலும் எட்டாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதில் முடிந்துவிடும். சாரணன் பத்து வயதில் சேரலாம். பள்ளி முடியும்வரை படிப்படியாக அதையே பழகலாம்.

இன்னொன்று, யாரும் பேசாதது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் அங்கே உண்டு. என்.சி.சி.யில் சேர இந்தியக் குடிமகனாகவோ நேபாளக் குடியாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரில் ஒருவனுக்குக் காக்கி, மற்றவனுக்கு வேடிக்கை. பாரத சாரணர் இயக்கமோ பிறப்பு, இனம், சமயம் பாராமல் எல்லோருக்கும் திறந்தது என்று தன் வரையறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த கதவைத் தட்டித்தான் அன்னி பெசன்ட் 1916இல் இதே சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். அந்த மரபுக்கு முகாம் பிள்ளைகள் உரிமைக்காரர்கள்.

வேலை பற்றிய கவலைக்கும் ஒரு வார்த்தை. குடியரசுத் தலைவர் விருதுவரை போன சாரணர்களுக்கு ரயில்வேயில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி வாழும் ஊரில் இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறை சிப்காட் நிலத்தில் பாரத சாரணர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு வாரம் கூடாரத்தில் தூங்கினார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் சாரணர் படை இருப்பதாகச் சொல்வார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு எத்தனை இரவு வெளியே தங்கினார்கள்? அணித்தலைவனைத் தேர்ந்தெடுத்தது யார்?