தொழிற்பயிற்சி நிலையம்

தொழிற்பயிற்சி நிலையம் என்பது எட்டாம் அல்லது பத்தாம் வகுப்பு முடித்த, 14 வயது நிறைந்த இளையோருக்கு ஏதேனும் ஒரு தொழிற்பிரிவில் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி தரும் இந்திய நிறுவனம். ஐ.டி.ஐ. என்றே பரவலாக அறியப்படுகிறது. கல்வித் துறையின் கீழ் அன்றித் தொழிலாளர் துறையின் கீழ் வளர்ந்தது இதன் சிறப்பியல்பு.

தோற்றம்

சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் ஒரு கலைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அது நாளடைவில் கவின்கலைக் கல்லூரியாக உருமாறிவிட்டதால் அதனை ஐ.டி.ஐ.யின் மூலமாகக் கொள்வதற்கில்லை. இந்நிறுவனத்தின் மூலம் இரண்டாம் உலகப்போரே. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் படைப்பிரிவுகளுக்கும் ஆள் போதாமையால், 1940-இல் போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் வழங்கிய மற்றொரு திட்டத்தின்படி இந்தியத் தொழிலாளர்கள் இங்கிலாந்துக்கே சென்று பயின்று திரும்பினர்.

போர் முடிந்ததும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு வேலை தேடித்தர வேண்டியதாயிற்று. இதற்காக 1945 ஜூலையில் மறுகுடியமர்த்தல் மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைந்தது. வேலைவாய்ப்பு அலுவலகமும் பயிற்சி நிலையமும் இதன் இரு பிள்ளைகள். 1947 பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தோரும் இவற்றால் பயன்பெற்றனர். 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இப்பயிற்சி பொது இளைஞர்களுக்கு உரியதாயிற்று.

பி. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றை மையப்படுத்த அதே ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு நிறுவப்பட்டது. பாடத்திட்டமும் சான்றிதழும் நாடெங்கும் ஒன்றுபோல் இருந்ததற்கு இதுவே காரணம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பயின்றவர்களைத் தொழிற்சாலைகள் பழகுநராக ஏற்பதைக் கட்டாயமாக்கியது.

பிரிவுகள்

தொழிற்பிரிவுகள் பொறியியல் சார்ந்தவை, சாராதவை என இருவகைப்படும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக் ஆகியவை ஈராண்டுப் பிரிவுகள். வெல்டர், பிளம்பர் முதலியவை ஓராண்டுப் பிரிவுகள். தையல் தொழில்நுட்பம், கணினி இயக்குநர் ஆகிய பொறியியல் சாராப் பிரிவுகளும் ஓராண்டுக்குரியவை. மகளிர் பெரும்பாலும் இவற்றையே விரும்பிச் சேர்கின்றனர். அகில இந்தியத் தேர்வில் தேறியவர் தேசியத் தொழிற்சான்றிதழும், பின்னர்ப் பழகுநர் பயிற்சி முடித்துத் தேறியவர் தேசியப் பழகுநர் சான்றிதழும் பெறுவர்.

மேற்படிப்பும் வேலையும்

ஐ.டி.ஐ. என்பது படிப்பு வராதவர்களின் புகலிடம் என்னும் எண்ணம் தவறானது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பயிற்சி முடித்தோர் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் கிட்டும். ரயில்வே உதவி ஓட்டுநர் பணிக்கு இச்சான்றிதழ் ஏற்கப்படுகிறது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஆகியவை பழகுநர்களைச் சேர்க்கின்றன. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் வெல்டர்களிலும் ஃபிட்டர்களிலும் இங்குப் பயின்றோர் உண்டு.

இன்றைய நிலை

நடுவண் அரசில் இந்நிலையங்கள் 2015 முதல் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளன. நாட்டில் ஏறத்தாழ 15,000 நிலையங்கள் இயங்குகின்றன, பெரும்பாலானவை தனியாருடையவை. தமிழ்நாடு அரசு 71 அரசு நிலையங்களை நவீனமயமாக்க 2022-இல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.